பெட்ரோலா டீசலா என்று கேட்ட மகனுக்கு

கண்ணு, இதைப் பிரிக்கும்போது நீ சாப்பிட்டிருப்பாய் என்று நம்பி ஆரம்பிக்கிறேன். சாப்பிடவில்லை என்றால் மடித்து வைத்துவிட்டுப் போய்ச் சாப்பிட்டு வா, இது நீளமாகத்தான் போகும். கவரைப்பேட்டையில் ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் கும்மிடிப்பூண்டி. அவ்வளவு கிட்டத்தில் இருக்கிற பிள்ளைக்குத் தபால் தலை ஒட்டுகிற தாய் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். என்ன செய்வது, முன்னெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஆனால் நீ தெற்கே பார்த்து ரயில் ஏறி வீட்டுக்கு வருவாய். நிச்சயம் ஆனதிலிருந்து உன் ரயில் வடக்கே எளாவூர் பார்த்தே போகிறது. தப்பு சொல்லவில்லை. உன் வயசில் உங்க நைனாவும் எங்கள் ஊர்ப் பக்கம் மாடு வாங்க வருகிற மாதிரி வந்து, ஒரு மாடும் வாங்காமல் திரும்பினவர்தான். அப்படியே நீ வந்தாலும் நாம் பேச முடியாது. உங்க நைனா ஒரு பக்கம், ஆரணியிலிருந்து என் தம்பி, உங்க மாமா ஒரு பக்கம் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். இஞ்சின் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், அப்புறம் சோறு ஆறிப்போகும் வரை அவர்கள் இரண்டு பேர்தான் பேசுவார்கள். அதனால் எழுதுகிறேன். உன் ரூமில் இருக்கிற பசங்களும் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். படிக்கட்டும். அவர்களும் நாளைக்கு இஞ்சின் வாங்குவார்கள், பெண்டாட்டி கட்டுவார்கள்.

நீ கேட்டதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா பார். பட்டறை வேலையை விட்டுவிட்டு சொந்தமாக மரம் சீவுகிற மிஷின் போடப்போகிறாய். கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்திருக்கிற பலகைக் கம்பெனி, சவுக்கு மிலாறை, அதுதான் நுனிக்கிளையை, சில்லு சில்லாகச் சீவிக் கொடுத்தால் வாரா வாரம் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறது. மிஷின் பேசி முடித்துவிட்டாய். அதை ஓட்ட இஞ்சின்தான் பாக்கி. எளாவூர் சம்பந்தி, அதாவது உன் மாமனார் ஆகப்போகிறவர், ரைஸ்மில்காரர், கல்யாணச் சீராக ஒரு பெரிய டீசல் இஞ்சின் வாங்கித் தருகிறேன் என்கிறார். வாங்கித் தருவதோடு இல்லை, தன் மில்லு வளாகத்திலேயே சிமெண்டு மேடை கட்டி அதில் இறுக்கியும் தருகிறேன் என்கிறார். உனக்கோ, உன் சேமிப்பில் வெள்ளிக்கிழமை மெட்ராசுக்குப் போய்ச் சின்னதாக ஒரு பெட்ரோல் இஞ்சின் வாங்கிவிட்டால் என்ன என்று ஒரு யோசனை. எதும்மா நல்லது என்று கேட்டு எழுதியிருக்கிறாய். அஞ்சாங்கிளாசோடு நின்றவளிடம் போய் இஞ்சினைப் பற்றிக் கேட்கிறானே என்று பக்கத்து வீட்டில் ஆச்சரியப்பட்டார்கள். எனக்கு ஆச்சரியம் இல்லை. இந்த ஊரில் இரண்டு இஞ்சினோடும் குடித்தனம் பண்ணினவள் நான் ஒருத்திதான்.

உனக்கு அரைகுறையாகத் தெரிந்த கதையை முழுசாகச் சொல்கிறேன். நீ கைக்குழந்தையாக இருந்தபோது ஹார்பரில் பழைய சாமான் ஏலம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு உங்க நைனாவும் மாமாவும் கிளம்பிப் போனார்கள். போய், ஒரே மாதிரி இரண்டு இரும்பு மிஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார்கள். ஜோடியாகத்தான் கொடுப்போம் என்று ஏலக்காரன் சொல்லிவிட்டானாம், அதனால் ஆளுக்கு ஒன்று. ஒரு பக்கம் வாய், ஒரு பக்கம் மூக்கு, நடுவில் வட்டத்தட்டில் கத்தி. இஞ்சின் கிடையாது. இது என்னவென்று கேட்டேன். கரும்பு ஆலை என்றார் உங்க நைனா, கொஞ்சமும் தயங்காமல். நாலு ஆள் சேர்ந்து தட்டைக் கையால் சுற்ற, உங்க மாமா கரும்பை வாயில் கொடுத்தார். ஒரு சொட்டுச் சாறு வரவில்லை. கரும்பு சில்லு சில்லாகப் பறந்து போய்க் கூரைமேல் விழுந்தது. அந்த மாசம் முழுக்க எறும்புகள் மட்டும்தான் உங்க நைனாவை வாழ்த்தின. அப்புறம் ஒரு நாள், வேலிக்கு வைத்திருந்த சவுக்கு மிலாறை யாரோ விளையாட்டாக அதில் கொடுக்க, அழகாகச் சீவி வெளியே தள்ளியது. வழியில் போன செங்கல் சூளைக்காரர் ஒருத்தர் நின்று பார்த்தார். இப்படிப் பொடிசாக இருந்தால் நெருப்பு சீராகப் பிடிக்கும், எவ்வளவு இருந்தாலும் எனக்குக் கொடு என்றார். நம்ம பக்கம் சவுக்குத் தோப்புக்குப் பஞ்சமா? தடியெல்லாம் மெட்ராசுக்கு லாரி ஏறிவிடும், நுனிக்கிளை எல்லாம் கேட்பாரில்லாமல் குவிந்து கிடக்கும். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் முதலாளி முகம் வந்துவிட்டது.

இனி இஞ்சின். அங்கேதான் பிடித்தது சனி. உங்க மாமா பெட்ரோல் என்றார். உங்க நைனா டீசல் என்றார்.

"மாமா, கவுறு ஒரு இழு. அவ்ளோதான். டர்ருனு கெளம்பிக்கும். உங்க டீசலு ஹேண்டில சுத்தி சுத்தி தோள்பட்ட கழண்டு வந்துடும்."

"டேய் மச்சான், கவுத்த இழுத்தா கெளம்பறதுக்கு அது இன்னா பம்பரமா? இஞ்சின்னா ஒரு கனம் வோணும். நம்ம ஊட்ல ஓடுனா நாலு ஊட்டு ஓடு அதிரணும்."

"அதிரும். அப்புறம் நாலு ஊட்டுக்காரனும் வந்து ஓடு மாத்திக் குடுனு நிப்பான்."

இப்படியே பேசிப் பேசி, ஒருத்தர் சொன்னதற்காகவே மற்றவர் எதிர்த்து, ஆளுக்கு ஒன்று வாங்கினார்கள். இதில் ஒன்றை நீ கவனிக்க வேண்டும், கண்ணு. உங்க நைனா ஓரிடத்தில் உட்காராத மனுசன். கோயிலில் சாமி கும்பிடும்போதுகூட பிரகாரத்தில் நடந்துகொண்டேதான் கும்பிடுவார். அவர் வாங்கினது, ஆறு பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாத டீசல் இஞ்சின். உங்க மாமா உட்கார்ந்தால் எழுந்திரிக்க ஆள் வேண்டும். அவர் வாங்கினது, துணிமூட்டை மாதிரி தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகக்கூடிய பெட்ரோல் இஞ்சின். இஞ்சினைப் பார்த்து வாங்கினார்களே தவிர, தன்னைப் பார்த்து இரண்டு பேரும் வாங்கவில்லை.

டீசல் இஞ்சினை ஓரிடத்தில் வைத்து, மிலாறை அங்கே கொண்டுவந்து சீவ வேண்டும். அதுதான் அதற்கு முறை. உங்க நைனாவால் முடியுமா? மிலாறு எங்கே இருக்கிறதோ அங்கே நான் போவேன் என்று மாட்டு வண்டியில் இஞ்சினை ஒரு பக்கமும் மிஷினை ஒரு பக்கமும் வைத்துக் கட்டினார். ஒரு நாள் ஆற்றுக்கு அந்தப் பக்கத் தோப்புக்குப் போக ஆரணி ஆற்று மணலில் வண்டியை இறக்கினார். பாதி ஆற்றில் சக்கரம் குடம் வரைக்கும் புதைந்துவிட்டது. மாடுகள் இரண்டும் படுத்துக்கொண்டன. வேறு மனுசனாக இருந்தால் ஆள் கூட்டி வருவான். உங்க நைனா, நாள் வீணாகப் போகக் கூடாதே என்று, வண்டியில் மிச்சம் கிடந்த மிலாறை அங்கேயே சீவிவிட முடிவு பண்ணி இஞ்சினைக் கிளப்பினார். அது ஒவ்வொரு தட்டுக்கும் ஆட, மணல் இளகி வண்டி இறங்க ஆரம்பித்தது. மாடுகள் மட்டும் எப்படியோ கழற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து நின்றன. மாடு வந்து மனுசன் வரவில்லையே என்று நான் உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு அடித்துப் பிடித்து ஓடினேன். கரையில் ஊரே நிற்கிறது. ஆற்று நடுவில் உங்க நைனா முழங்கால் மணலில் நின்றபடி மிலாறை ஊட்டிக்கொண்டிருக்கிறார். துணி துவைக்க வந்தவர் ஒருத்தர் கத்துகிறார்.

"யோவ், இஞ்சின நிறுத்துய்யா. ஓட ஓட எறங்கிக்கினே போவுது."

"நிறுத்தினா திரும்பி ஹேண்டில் போட நீ வர்றியா?"

அந்த இஞ்சினைக் கிளப்புகிற பாடு அப்படி. காலையில் குளிர்ந்து கிடந்தால் ஒருத்தர் நெம்புகோலைப் பிடிக்க, ஒருத்தர் சுற்ற, மூன்றாவது ஆள் சாமியைக் கும்பிட வேண்டும். அதனால் ஓடுகிற இஞ்சினை நிறுத்த அவருக்கு மனசே வராது. கடைசியில் அவர் நிறுத்தவில்லை, ஆறுதான் நிறுத்தியது. இஞ்சின் சக்கரம் மணலை வாரி இறைத்து அவர் முகத்திலேயே அடித்துவிட்டு நின்றது. வெளியே எடுக்க ஊரே கயிறு பிடித்தது. அன்றைக்குக் கயிறு பிடித்தவர்கள் எல்லாருக்கும் நான் வடித்துக் கொட்டின சோற்றை நினைத்தால் இப்போதும் கை வலிக்கிறது.

அங்கே ஆரணியில் உங்க மாமா கதை வேறு. அவர் புளியமரத்தடியில் கட்டில் போட்டு, பக்கத்தில் பெட்ரோல் இஞ்சினை வைத்துக்கொண்டு, எல்லாரும் மிலாறை இங்கே கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டார். மிலாறு மட்டுமா வந்தது, அடிக்கட்டை தடிக்கட்டை எல்லாம் வந்தது. சின்ன இஞ்சின் பாவம், காலையிலிருந்து சாயந்திரம் வரை அவ்வளவையும் இழுக்குமா? சூடேறி இருமும், நின்றுவிடும். உங்க மாமா கையில் எப்போது பார்த்தாலும் இஞ்சினுக்குப் பொறி கொடுக்கிற அந்தப் பிளக்கு. தேய்ப்பார், ஊதுவார், வேட்டியில் துடைப்பார். இன்னொரு கஷ்டம், பெட்ரோல் பக்கத்தில் சுருட்டு பிடிக்கக் கூடாது. உங்க மாமாவுக்கோ சுருட்டு இல்லாவிட்டால் மூச்சு இல்லை. எழுந்து தெருமுனை வரைக்கும் போய்ப் பிடித்துவிட்டு வருவார், வருவதற்குள் இஞ்சின் நின்றிருக்கும். அதோடு, வீட்டில் பெட்ரோல் இருக்கிறது என்று தெரிந்ததும் மோட்டார் சைக்கிள் வைத்திருந்த அத்தனை பேரும் வழியில் வண்டி நின்றுவிட்டது என்று வந்து நின்றார்கள். நமக்கு இவ்வளவு சொந்தக்காரர்கள் இருப்பது அந்த வருசம்தான் தெரிந்தது.

இரண்டு பேருக்கும் தாங்கள் வாங்கினது தப்பு என்று தெரியும். சொல்வார்களா? இவர் அங்கே போனால், "இஞ்சின் எப்டி மச்சான்?" "தங்கம் மாமா." அவர் இங்கே வந்தால், "இஞ்சின் எப்டி மாமா?" "சிங்கம்டா." தங்கம் அங்கே இருமிக்கொண்டிருக்கும், சிங்கத்தின் காதில் ஆற்று மணல் இருக்கும். உங்க மாமா பெண்டாட்டி சரோஜாவும் நானும்தான் சந்தையில் பார்க்கிறபோது ஒருத்தர் பாட்டை ஒருத்தர் சொல்லிக்கொள்வோம்.

"அண்ணி, சாம்பார்ல பெட்ரோல் நெடி. தலகாணில பெட்ரோல் நெடி. நேத்து வெச்ச துன்னூறுல கூட அடிக்குது."

"உனக்காச்சும் நெடி. எனக்கு ஆளே இல்லடி. இஞ்சினத் தள்ளிக்கினே ஊர் ஊரா சுத்துறாரு. போன வாரம் ஒரு நாள், என்னப் பாத்து யாரு ஊட்டம்மானு கேக்கறாரு."

"ரெண்டு பேரும் மாத்திக்கினா இன்னா?"

"யாரு கேக்கறது? கேட்டா தோத்தமாதிரி ஆயிடாது?"

சரோஜா கத்தரிக்காயைப் பொறுக்கியபடியே, முகத்தில் ஒன்றும் காட்டாமல் சொன்னாள்: "கேக்க வாணாம் அண்ணி. சீரா வந்தா?"

அந்தப் புத்தி எனக்கு வரவில்லை, அவளுக்குத்தான் வந்தது. இதை இன்றைக்கும் யாரிடமும் ஒப்புக்கொள்வேன். உனக்கு அப்போது காது குத்த வேண்டும். வேண்டுதல் ஒன்று முடியவில்லை என்று தள்ளித் தள்ளி, நீ பள்ளிக்கூடம் போகிற வயசாகியும் காது குத்தாமல் இருந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், தாய்மாமன் சீர் வந்தால் வாங்கித்தான் ஆக வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் உறவு அறுந்தது. சரோஜா வீட்டுக்குப் போய் அவரைச் சும்மா ஒரு குத்து குத்தியிருக்கிறாள். "எல்லாத் தாய்மாமனும் வெக்கிற அதே வேட்டி துண்டுதான் வெக்கப்போறீங்களா? உங்க அக்கா ஊட்ல உங்க கௌரவம் அவ்ளோதானா?" உங்க மாமா கட்டிலிலிருந்து ஆள் உதவி இல்லாமல் எழுந்துவிட்டாராம். "இஞ்சினையே வெக்கறேன்டி. எவன் வெச்சிருக்கான் இந்தச் சுத்துப்பட்டுல?"

அம்மன் கோயில் தெருவில் மேளம் முன்னால் வர, பின்னால் பெண்கள் தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, உனக்குப் பட்டுச் சொக்காய். அதற்கும் பின்னால் தள்ளுவண்டியில், மஞ்சள் துணி சுற்றி, சாமந்தி மாலை போட்டு, நெற்றி எங்கே என்று தெரியாமல் மூன்று இடத்தில் குங்குமம் வைத்து, பெட்ரோல் இஞ்சின். ஊர் வாயைப் பிளந்தது. உங்க நைனா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஆசை ஒரு பக்கம் வழிகிறது, கௌரவம் ஒரு பக்கம் பிடித்து இழுக்கிறது. நான் பக்கத்தில் போய், யாருக்கும் கேட்காத மாதிரி, ஆனால் முன்வரிசைக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன். "இவ்ளோ பெரிய சீருக்கு எதிர்சீர் செய்யணுமே. சமமா நம்ம ஊட்ல இன்னா இருக்குது?" அவர் மாட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கூட்டம் அவரைப் பார்த்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நம்ம டீசல் இஞ்சின எட்துக்கினு போவட்டும். மச்சானுக்கு இல்லாததா எனக்கு" என்றார், அந்த யோசனை அம்மன் அருளால் அவருக்கே தோன்றியது போல. அவ்வளவு கனத்தை ஆரணிக்கு எப்படிக் கொண்டுபோவது என்று யாரோ கேட்டார்கள். கோயிலுக்குப் பின்னால் லாரி ஒன்று தற்செயலாக நிற்கிறது என்றாள் சரோஜா. அவள் தற்செயலாக ஏற்பாடு பண்ணின லாரி.

நீ மாமா மடியில் உட்கார்ந்தாய். பத்தர் ஊசியை எடுத்ததும் நீ எடுத்த கூச்சலில் மேளக்காரர் தாளம் தப்பினார். உங்க மாமா சொல்லி, சீர் இஞ்சினின் கயிற்றை ஒருத்தர் இழுத்தார். டர்ரென்று கிளம்பியது. நீ அதையே பார்த்துக்கொண்டிருக்க, வலது காது முடிந்தது உனக்கே தெரியாது. இடது காதுக்கு வரும்போது அது வழக்கம்போல இருமி நின்றுவிட்டது. நீ திரும்பிவிட்டாய். அதனால்தான் உன் இடது காதுத் துளை கொஞ்சம் இறங்கி இருக்கும். அதற்கு எந்தப் பத்தரையும் குறை சொல்லாதே.

அதற்கப்புறம் உங்க நைனா பெட்ரோல் இஞ்சினோடு தோப்புத் தோப்பாகப் போனார். மெல்லிசு மிலாறு மட்டும் சீவினதால் அதுவும் இருமவில்லை. வேலை முடிந்த கையோடு தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு பொழுதோடு வீட்டுக்கு வந்தார். என்னை யார் என்று அடையாளம் தெரிந்தது. ஆரணியில் உங்க மாமா டீசலுக்குச் சிமெண்டு மேடை கட்டி இறுக்கினார். தடிக்கட்டை எல்லாம் அது மென்று தள்ளியது. பக்கத்திலேயே சுருட்டு பிடித்தார். அதன் டக் டக் சத்தத்தில் அவருக்கு அப்படி ஒரு தூக்கம். அது நின்றால்தான் முழிப்பார், அதனால் வேலையும் கெடவில்லை. ஆனால் இன்றைக்குப் போய் இரண்டு பேரையும் கேள். நல்ல இஞ்சினைப் பெருந்தன்மையாக அவனுக்குக் கொடுத்துவிட்டேன் என்றுதான் இவரும் சொல்வார், அவரும் சொல்வார்.

ஆகவே கண்ணு, டீசல் உசத்தியா பெட்ரோல் உசத்தியா என்று என்னைக் கேட்காதே. டீசல் கம்மியாகக் குடிக்கும், நாள் முழுக்க உழைக்கும், நிதானமாக ஆயுசோடு இருக்கும், ஆனால் அது இருக்கிற இடத்துக்கு நீ வர வேண்டும். பெட்ரோல் நிறையக் குடிக்கும், விலையும் ஏறிக்கொண்டே போகிறது, நெருப்புக்குப் பயந்து பிழைக்க வேண்டும், ஆனால் நீ போகிற இடத்துக்கு அது வரும். உனக்கு வேண்டியது மிலாறு. மிலாறு லாரி நிறைய ஏற்றினாலும் எடை நிற்காது, வெறும் காற்றைத்தான் ஏற்றிக்கொண்டு போவாய். தோப்பிலேயே சீவிச் சாக்கில் கட்டினால் அதே லாரியில் எத்தனையோ மடங்கு போகும். இது உனக்கும் தெரியும், பட்டறையில் இருந்தவன். தெரிந்தும் என்னைக் கேட்கிறாய் என்றால் உனக்குக் குழப்பம் இஞ்சினில் இல்லை. கொடுக்கிற சீரை வேண்டாம் என்று சொன்னால் மாமனார் முறைத்துக்கொள்வார், கல்யாணத்தில் சங்கடம் வரும் என்று பயப்படுகிறாய். நானும் பயப்படுகிறேன், ஆனால் என் பயம் வேறு. சீராக வந்தால் யாரும் மறுக்க முடியாது என்று மேலே உனக்குச் சொன்னவளும் நான்தான். ஆனால் எங்கள் சீர் தள்ளுவண்டியில் வந்தது. உன் மாமனார் சீர் அவர் வீட்டிலேயே சிமெண்டில் நிற்கப்போகிறது. இஞ்சினைப் போட்டு இறுக்கும்போது கூடவே என் பிள்ளையையும் இறுக்கிவிடுவார்கள். வீட்டோட மாப்பிள்ளை என்று ஊர் சொல்லும். இதில் என் சுயநலம் இருக்கிறது, மறைக்கவில்லை. உங்க நைனாவிடம் சொன்னேன். "போவட்டுமே, ரைஸ்மில்லு ஊட்ல சோத்துக்கா பஞ்சம்?" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். தூங்கவில்லை, விசிறி மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

மனசு கேட்காமல் செவ்வாய்க்கிழமை நான் எளாவூர் போனேன். உனக்குச் சொல்லவில்லை. செக்போஸ்டில் வரிசையாக நின்ற லாரிகளுக்கு நடுவே புகுந்து, வேர்த்து விறுவிறுத்து மில்லுக்குப் போனால், சம்பந்தி வாசலுக்கே வந்து கூப்பிட்டார். நல்ல மனுசன்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். நாஷ்டா சாப்பிட்டே ஆக வேண்டும் என்று இட்லியை அடுக்கிவிட்டு, கை கழுவின ஈரம் காயும் முன்னே பின்பக்கம் அழைத்துப்போனார். நூல் கட்டி, மூலை பிடித்து, குழி தோண்டி வைத்திருக்கிறார். அதற்குப் பக்கத்திலேயே புதுசாக ஒரு அறை, ஜன்னலுக்குப் பச்சை வண்ணம், உள்ளே சீலிங் ஃபேன்.

"பாருங்க சம்பந்தியம்மா. மாப்ள எழுந்து நாலு எட்டு வெச்சா இஞ்சின். இன்னா கொறை வெக்கப்போறேன்?"

"ஒரு கொறையும் இல்லீங்க. கொறையே இல்லாத எடத்துலேர்ந்து புள்ள எதுக்கு என் ஊட்டுக்கு வரப்போறான்?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, குழி ஆழம் போதுமா என்று கேட்டார். என்னைப் போய்! போதும் என்றேன், ஒரு ஆளே நிற்கலாம்.

திரும்பும்போது உன் வசந்தா பஸ் ஸ்டாண்டு வரை கூட வந்தாள். வருகிற வழியில் மில்லுக்குள் எட்டிப் பார்த்து, அங்கே ஓடிக்கொண்டிருந்த இஞ்சினின் சத்தத்தைக் கேட்டு, தண்ணி கம்மியாக இருக்கிறது, ஊத்துங்கள் என்று ஆளுக்குச் சொல்லிவிட்டு வந்தாள். சத்தத்திலேயே தெரியுமா என்று கேட்டேன்.

"பொறந்ததுலேர்ந்து கேக்கறேன் அத்தை. எங்க தொட்டிலே இதுக்குப் பக்கத்துலதான் கட்னாங்களாம். இது ஓடினா எங்க நைனா ஊட்ட உட்டு நவுர மாட்டாரு. நாங்க திருப்பதிக்குப் போவலாம்னு மூணு தடவ மூட்ட கட்டி மூணு தடவ அவுத்தோம்."

"அப்ப உனக்கு இங்கியே இருக்கறதுதான பழக்கம்."

"பழக்கம்தான் அத்தை" என்றாள். நான் வேறு பேச்சை எடுக்கலாம் என்று பார்த்தேன். அவளே சொன்னாள். "நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. அவரு எந்தத் தோப்புக்குப் போனாலும் நானும் கூடப் போறேன். ரெண்டு பேரு தூக்கறமாதிரி இஞ்சினா பாத்து வாங்கச் சொல்லுங்க."

சொல்லாதே என்றாள், சொல்லிவிட்டேன். இதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளச் சொன்னால் எந்த மாமியாராலும் முடியாது. பஸ் ஏறின பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. உன்னை எளாவூருக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது என்று சண்டைக்குப் போனேன். அவள் உன்னை என்னிடமும் விடப்போவதில்லை. தோப்புக்குத்தான் கூட்டிப்போகப் போகிறாள். அது பரவாயில்லை. தோப்பிலிருந்து வீட்டுக்கு வருகிற வழி எனக்குத் தெரியும், பொழுதோடு வந்துவிடுவீர்கள்.

சம்பந்தியிடம் நானே பேசுகிறேன். சீரை மறுக்க மாட்டேன், மாற்றிக் கேட்பேன். அதற்கு எனக்குப் பழக்கம் உண்டு, சரோஜாவையும் கூட்டிப்போவேன். நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். வெள்ளிக்கிழமை மெட்ராஸ் கடைக்குத் தனியாகப் போகாதே. அவளையும் கூட்டிக்கொண்டு போ. கல்யாணத்துக்கு முன்னால் ஜோடியாகக் கடைக்குப் போகலாமா என்று ஊர் கேட்கும். அதனால் நானும் வருகிறேன். கடைக்காரர் குதிரைச் சக்தி, அது இது என்று என்ன சொன்னாலும் தலையை ஆட்டு. ஆட்டிவிட்டு, ஒரு பக்கம் நீ பிடி, ஒரு பக்கம் அவள் பிடிக்கட்டும். அவள் முகம் கோணாமல் எது தரையை விட்டு எழும்புகிறதோ அதை வாங்கு. நான் கடைக்கு வெளியே நிற்கிறேன், தூக்கும்போது மட்டும் உள்ளே வந்து பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா